ஐந்தாம் திருவிழாவும் பன்னீர்க்குடமும்

மகனுக்கு,

நேற்று நான் கதைத்துக்கொண்டிருக்கும்போதே நீ போனை வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு நான் எடுத்த எந்த அழைப்புக்கும் பதில் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து உன் வாட்ஸ்அப்புக்கு அனுப்புவேன். நீ வாசித்தாய் என்று தெரியும்வரை போனைக் கீழே வைக்கமாட்டேன். நாளை வியாழக்கிழமை நீ விமானம் ஏறுவதற்கு முன் இதை வாசித்தே ஆகவேண்டும். உன் தகப்பன் உன்னிடம் எதற்கும் கெஞ்சியதில்லை, இப்போது கெஞ்சுகிறேன் என்றே வைத்துக்கொள். வெட்கமெல்லாம் பார்க்கிற நிலையில் நான் இல்லை.

உனக்குத் தெரிந்ததையே முதலில் சொல்கிறேன், ஏனென்றால் அதை நீ என்னிடம் ஒழுங்காகக் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை உன் மனுஷி சிந்துஜா மானிப்பாயில் பள்ளிக்கூடத்தில் படிப்பித்து முடிந்து, பஸ்ஸில் வந்து மருதனார்மடச் சந்தியில் இறங்கியிருக்கிறாள். உன் அம்மா கேட்ட முருங்கைக்காயை வாங்கச் சந்தைக்குள் போனவளுக்கு அங்கேதான் உடுப்பு நனைந்திருக்கிறது. அவள் அழவில்லை, ஆட்களைக் கூப்பிடவில்லை. ஒரு வெங்காயக் கடைக்காரியின் முக்காலியில் உட்கார்ந்துகொண்டு எனக்குப் போன் எடுத்தாள். "மாமா, பதட்டப்படாதேங்கோ. எனக்குத் தண்ணி போகுது. ஓட்டோ ஒண்டு பிடிச்சுக்கொண்டு வாங்கோ. மாமிக்கு இப்ப சொல்ல வேண்டாம்." அவ்வளவுதான். நான் சட்டையை உட்பக்கம் வெளியே தெரியப் போட்டுக்கொண்டு போனேன். ஆஸ்பத்திரியில் ஒரு தாதி சொன்ன பிறகுதான் அது எனக்கே தெரிந்தது.

டொக்டர் அம்மா இளம் பிள்ளை, உன்னைவிட இரண்டொரு வயது மூத்தவராக இருக்கலாம். என்னையும் உன் அம்மாவையும் இருத்தி வைத்து விளங்கப்படுத்தினார். பன்னீர்க்குடம் எங்கேயோ கிழிந்திருக்கிறது, தண்ணீர் மெல்ல மெல்லக் கசிகிறது, வயிற்றில் இருப்பது இருபத்தைந்து கிழமைப் பிள்ளை, ஆறு மாதம்கூட நிரம்பவில்லை. பிள்ளையின் நுரையீரலுக்கு ஊசி போட்டிருக்கிறார்கள். கிருமி ஏறாமல் இருக்க மருந்து போகிறது. தாய்க்குக் காய்ச்சல் வருகிறதா, பிள்ளையின் துடிப்பு எப்படி என்று நாள் முழுக்கப் பார்க்கிறார்கள். "ஐயா, உள்ளுக்கை இருக்கிற ஒவ்வொரு நாளும் பிள்ளைக்கு லாபம். ஆனா காய்ச்சல் வந்தா நாங்கள் பொறுக்க ஏலாது, உடனை எடுக்க வேணும்" என்றார். இன்றைக்கு ஆறாவது நாள். காய்ச்சல் இல்லை.

இனி நீ சொன்னதற்கு வருகிறேன். பன்னீர்க்குடத்தை ஒட்டவென்று ஆய்வுகூடத்தில் செய்கிற உன்னுடைய ஜெல்லை ஒரு குளிர்ப் பெட்டியில் வைத்துக் கொண்டு வருவாயாம். கொழும்பில் உனக்குத் தெரிந்த ஒருவர், யாருக்கும் சொல்லாமல், தன்னுடைய தனி இடத்தில் அதைச் செலுத்திப் பார்க்கச் சம்மதித்திருக்கிறாராம். இங்கே நான் கையெழுத்து வைத்து அவளை ஆஸ்பத்திரியிலிருந்து எடுத்து, வாடகை வானில் படுக்கவைத்து, எட்டு மணித்தியாலம் கொழும்புக்குக் கொண்டுவர வேண்டுமாம். அவள் கேட்டால், "பெரிய ஸ்கான் ஒண்டு எடுக்க வேணும்" என்று சொன்னால் போதுமாம். இவ்வளவும் சொல்லிவிட்டுக் கடைசியில் ஒன்று சொன்னாய். "அப்பா, நீங்கள் சொன்னா அவள் கேப்பாள்." அதே மாதிரி ஒரு சொல்லை நான் முன்னமும் கேட்டிருக்கிறேன். நான் ஏதோ சொல்லத் தொடங்கினேன், நீ போனை வைத்தாய்.

உன் வேலையை நான் பழிக்கவில்லை. அது எனக்கு விளங்காத விஷயமும் இல்லை. போன வருடம் நீ வந்தபோது பருத்தித்துறைக்குப் பஸ்ஸில் கூட்டிப் போனாய். கடல் அடிக்கிற கல்லில் ஒட்டியிருந்த சிப்பியைக் காட்டி, "இழுத்துப் பாருங்கோ அப்பா" என்றாய். என் நகம் உடைந்ததே தவிர அது அசையவில்லை. ஈரத்தில் ஒட்டுவதற்கு அது என்ன பசையைச் சுரக்கிறது என்பதைப் பார்த்துத்தான் நீங்கள் இந்த ஜெல்லைச் செய்கிறீர்கள் என்றாய். ஊசியால் போகும்போது தண்ணீர், போய்ச் சேர்ந்ததும் கடற்பாசி ஜெலி மாதிரி இறுகும் என்றாய். உன் அம்மா, "அப்ப சீனி போட்டா வட்டிலப்பத்துக்குப் பக்கத்திலை வைக்கலாம்" என்று பகிடி விட்டாள். நீ சிரித்தாய். அந்தச் சிரிப்போடுதான் உண்மையையும் சொன்னாய். ஆட்டின் பன்னீர்க்குடத்தில் நீங்களே ஊசியால் குத்திய ஓட்டையை மூடினீர்கள், சில நாள் பிடித்தது, பிறகு விட்டுவிட்டது. தானாகக் கிழிந்த குடத்தில் கிழிசல் எங்கே என்றே தெரியாது, தெரியாத இடத்தில் எப்படி ஒட்டுவது என்பதுதான் பெரிய தலையிடி என்றாய். உள்ளே கிருமி இருந்தால் மூடுவது இன்னும் ஆபத்து, அதையும் நீதான் சொன்னாய். மனிதரில் போட்டுப் பார்க்க இன்னும் எத்தனையோ வருடம் வேண்டும் என்றும் சொன்னாய். நான் மறக்கவில்லை மகனே. இந்த ஆறு நாளில் மறந்தது நீ.

ஏன் மறந்தாய் என்றும் எனக்குத் தெரியும். அதைத்தான் எழுத வேண்டும். இவ்வளவு நேரமும் சுற்றி வளைத்தது அதற்குப் பயந்துதான்.

நீ எந்த மேடையில் ஏறினாலும் ஒரு கதையோடு தொடங்குவாய். உனக்கு ஒரு அக்கா இருந்தாள், ஏழாம் மாதத்தில் அம்மாவுக்குத் தண்ணீர் உடைந்தது, வெளியே குண்டு போடுகிற பொம்மர் சுற்றியது, அம்மா மூன்று நாள் பங்கர்க் குழிக்குள் கிடந்தாள், ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லை, அக்கா ஒன்றரை நாள்தான் உயிரோடு இருந்தாள். அதனால்தான் இந்தத் துறைக்கு வந்தேன் என்பாய். இங்கே ஒரு மண்டபத்தில் நீ அதைச் சொன்னபோது நானும் உன் அம்மாவும் முன்வரிசையில் இருந்தோம். பக்கத்தில் இருந்தவர்கள் கண்ணைத் துடைத்தார்கள். ஒரு அம்மா வந்து என் கையைப் பிடித்து, "என்ன பாடு பட்டிருப்பியள்" என்றார். நான் தலையாட்டினேன். உன் அம்மா எழுந்து வெளியே போனாள். அழப் போகிறாள் என்று நீ நினைத்தாய். அவள் என்னைப் பார்க்கப் பிடிக்காமல் போனாள்.

பங்கர் இருந்தது உண்மை. பொம்மர் வந்ததும் உண்மை. ஆனால் அந்தக் கிழமை வரவில்லை. அந்தக் கிழமை ரோட்டு திறந்துதான் கிடந்தது. ஆஸ்பத்திரி நடந்துகொண்டுதான் இருந்தது. பெற்றோல் இல்லை என்றாலும் மண்ணெண்ணெயில் ஓடுகிற கார் ஒன்று எங்கள் ஒழுங்கைத் தெரு திரும்புகிற முடக்கிலேயே நின்றது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். நான் முப்பத்தைந்து வருடமாக மறைத்திருக்கிறேன், போர் அவ்வளவு பெரிய சோறாக இருந்தது.

எங்கள் பிள்ளையார் கோயிலில் ஐந்தாம் திருவிழா எங்கள் வீட்டு உபயம். என் அப்பா செய்தது, அவர் கண்ணை மூடிய பிறகு என் கைக்கு வந்த முதல் வருடம். பெரியப்பாவின் ஆட்கள் அதன்மேல் நெடுநாளாகக் கண் வைத்திருந்தார்கள். ஒரு வருடம் நாங்கள் விட்டால் அடுத்த வருடம் அவர்கள் பெயரில்தான் நோட்டீஸ் அடிப்பார்கள் என்று எனக்குள் ஒரு பயம். கொடி ஏறி மூன்றாம் நாள் காலை உன் அம்மா சமையலை விட்டுவிட்டுக் குசினி வாசலில் நின்று சொன்னாள்: "இஞ்சருங்கோ, எனக்குத் தண்ணி போற மாதிரிக் கிடக்கு." நான் என்ன நினைத்தேன் தெரியுமா? அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் பிள்ளையை எடுத்துவிடுவார்கள். பிள்ளை பிறந்தால் துடக்கு. துடக்கு என்றால் முப்பத்தொரு நாள் கோயில் வாசல் மிதிக்க முடியாது. ஐந்தாம் திருவிழா போய்விடும். அதுதான் நினைத்தேன். அவளைப் பற்றி நினைக்கவே இல்லை. "உது சும்மா கசிவு. மாதம் ஏற ஏற உப்பிடித்தான் எண்டு அம்மா சொன்னவ" என்றேன். என் அம்மா அப்படிச் சொல்லவே இல்லை, அவரிடம் நான் கேட்கவும் இல்லை. "ரெண்டு நாள் பேசாமல் படுத்திரு, திருவிழா முடியக் கூட்டிக்கொண்டு போறன்." அவள் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "நீங்கள் சொன்னா சரி" என்று உள்ளே போய்விட்டாள்.

நான் பஸ் டிப்போவில் டைம்கீப்பர். ஒரு பஸ் ஐந்து நிமிடம் பிந்தி வந்தாலும் சிவப்பு மையால் குறித்து சாரதியை நிற்கவைத்துக் கேட்கிற உத்தியோகம். அப்பேர்ப்பட்டவன் மூன்றாம் நாளும் நாலாம் நாளும் அவளை அறையில் படுக்கவைத்துவிட்டு, மாவிலை கட்டினேன், சாமியை அலங்கரிக்கிற சாத்துப்படிக்காரனோடு பூவுக்குச் சண்டை பிடித்தேன். அவள் துணியை மடித்து மடித்து வைத்துக்கொண்டாள். யாரும் காணாமல் தோய்த்து, வீட்டுக்குள் கயிறு கட்டிக் காயப்போட்டாள், ஏனென்றால் வெளியே கொடியில் போட்டால் ஆட்கள் கேட்பார்கள் என்று நான்தான் சொன்னேன். ஐந்தாம் நாள் நான் சாமி தூக்கினேன். தோளில் தழும்பு விழும்படி தூக்கினேன். ஊரே மெச்சியது. தீபாராதனையில் கண்ணை மூடி, பிள்ளையை நல்லபடி தா என்று வேண்டினேன். வீட்டிலே அவளுக்குக் காய்ச்சல் ஏறிக்கொண்டிருந்தது.

திருவிழா முடிந்த கையோடு காரைப் பிடித்தேன். போகிற வழியெல்லாம் அவள் பல்லு அடித்துக்கொண்டிருந்தது. பிள்ளை பிறந்தபோது அழுதாளாம், மெல்லியதாக. தாதிதான் சொன்னார். கிருமி உள்ளே போய்விட்டது, முந்தி வந்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாம் என்று டொக்டர் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். எவ்வளவு முந்தி என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும்.

ஊருக்கு என்ன சொல்வது? முதலில் கேட்டவர்களுக்கு, "பொம்மருக்குப் பயந்து ஓடினதாலை" என்றேன். அடுத்தவருக்கு அது பங்கர் ஆனது. அதற்கடுத்தவருக்கு மூன்று நாள் ஆனது. உண்மையில் மூன்று நாள்தான், எங்கே கிடந்தாள் என்பதை மட்டும் மாற்றினேன். நீ பிறந்து விபரம் தெரிந்து கேட்டபோது அந்தக் கதை தேய்ந்து பழகி, உண்மைபோலவே என் வாயில் வந்தது. உன் அம்மா மறுக்கவில்லை. மறுத்தால் உன் முன்னால் நான் என்ன ஆவேன் என்று யோசித்திருப்பாள். பெரியப்பாவின் ஆட்களும் அந்தத் திருவிழாவுக்காக ஒருநாளும் சண்டைக்கு வரவில்லை. சில வருடத்தில் இடம்பெயர்ந்து எல்லோரும் சிதறிப்போனோம். இப்போது அந்தத் திருவிழாவை எடுத்துச் செய்ய ஆள் இல்லாமல் வெளிநாட்டுக்குப் போன் போடுகிறார்கள். இதற்காகத்தான் மகனே. இதற்காகத்தான்.

உனக்குப் புத்தி சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்கிறவன் நான். ஆனாலும் நீ செய்யப் போவது எனக்கு நன்றாகத் தெரிந்த காரியம். நான் என் சாமியைத் தூக்கினேன், நீ உன் குளிர்ப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருகிறாய். உன் சாமி என்னுடையதைவிட மேலானதாக இருக்கலாம், நாளைக்கு ஆயிரம் தாய்மாரைக் காப்பாற்றலாம். அதைச் சிந்துஜாவின் வயிற்றில், அவளுக்குச் சொல்லாமல், பொய் சொல்லி வானில் ஏற்றிக் கொண்டுபோய்ச் செய்து பார்க்க உனக்கு யார் உரிமை தந்தது? புருஷன் என்றதாலா? நானும் புருஷன்தான். ஆடு செத்தால் நீங்கள் குறிப்பேட்டில் எழுதிவிட்டு அடுத்த ஆட்டைக் கொண்டுவருவீர்கள். கோபப்படாதே. இல்லை, கோபப்படு, ஆனால் வாசி.

அக்காவைக் காப்பாற்ற முடியாமல்போன குறையை இந்தப் பிள்ளையில் தீர்க்கலாம் என்று நினைக்கிறாய். உன் அக்காவுக்கு ஜெல் தேவைப்படவில்லை. அவளுக்குத் தேவைப்பட்டது முடக்கில் நின்ற கார். இதைச் சொல்லும்போது உன் இருபது வருடப் படிப்பின் அடிக்கல்லை நான் இழுத்துப் பிடுங்குகிறேன் என்று தெரிகிறது. என்னோடு இனிக் கதைக்காமல் விட்டாலும் விடு. உன் மேடைகளில் இந்த உண்மையையே சொல்லு, என் பெயரையும் சொல்லு. ஆனால் அவளை அந்தக் கட்டிலிலிருந்து அசைக்காதே.

நான் கையெழுத்து வைக்கமாட்டேன் என்று சொல்லத்தான் நேற்றுத் தொடங்கினேன். இன்றைக்கு அதைவிட ஒன்று செய்துவிட்டேன். மதியம் பார்வையாளர் நேரத்தில் சிந்துஜாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். உன் திட்டத்தையும் சொன்னேன், ஐந்தாம் திருவிழாவையும் சொன்னேன். உன் அம்மா கட்டிலின் மறுபக்கம் தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. சிந்துஜா இடது பக்கம் சரிந்து படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். நான் முடித்ததும் கேட்டாள்.

"மாமா, அந்த ஜெல்லை ஆருக்கும் போட்டுப் பாத்திருக்கினமோ?"

"ஆட்டுக்குப் போட்டவையாம்."

"ஆட்டிட்டையும் ஸ்கான் எண்டுதான் சொன்னவையோ?"

அவள்தான் திரும்பவும் கதைத்தாள். "நான் இஞ்சையே இருக்கிறன் மாமா. டொக்டரிட்டையும் சொல்லி வைக்கிறன், ஆர் வந்து கேட்டாலும் என்னைக் கேக்காமல் எங்கையும் விடக்கூடாது எண்டு. அவரை வரச் சொல்லுங்கோ. பெட்டி வேண்டாம், சும்மா வரச் சொல்லுங்கோ." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "ஆறு நாளாப் போனிலை கதைக்கிறார். தண்ணி எவ்வளவு, என்ன நிறம், காய்ச்சல் எத்தினை எண்டு எல்லாம் கேக்கிறார். உமக்குப் பயமா இருக்கோ எண்டு ஒருக்காவும் கேக்கேல்லை, மாமா."

மகனே, நீ வந்தாலும் இந்தப் பிள்ளை தப்பும் என்று நான் உனக்கு வாக்குத் தர முடியாது. டொக்டர் அம்மாவும் தரவில்லை. இன்றைக்குக் காய்ச்சல் இல்லை, துடிப்பு நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான் எங்களிடம் இருப்பது. அதற்கு மேல் ஒன்றும் இல்லாமல் ஒரு மனுஷியின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று இப்போதுதான் தெரிகிறது. திருவிழா செய்வது அதைவிட லேசு. ஜெல் செய்வதும் லேசாகத்தான் இருக்கும்.

ஆஸ்பத்திரியிலிருந்து உன் அம்மாவும் நானும் ஓட்டோவில் திரும்பினோம். வீட்டுக்கு வந்து, அவள் மறுபடி போவதற்குச் சாப்பாடு கட்டிக்கொண்டிருந்தாள். நான் குசினி வாசலில் போய் நின்று கேட்டேன், முப்பத்தைந்து வருடத்தில் முதல் தரம். "அண்டைக்கு உமக்குப் பயமா இருந்ததோ?"

அவள் மூடியை இறுக்கிக்கொண்டே சொன்னாள். "ஓம். சரியான பயம்."

பிறகு பையை எடுத்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போய்விட்டாள். ஒழுங்கை முடக்குவரைக்கும் அவள் நடந்து போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நீ இதை வாசித்து முடித்ததும் எனக்குப் போன் எடுக்காதே. சிந்துஜாவுக்கு எடு.

அப்பா